சங்க வாசலில் பெருச்சாளி

எங்கள் கார்வர்ஸ் ஃபெரி ஊரில் ஒருவன் பெண்டாட்டியை ஏமாற்றலாம், பாதிரியாரிடம் பொய் சொல்லலாம், குடித்துவிட்டு தேவாலயப் படிக்கட்டில் உருளலாம். எல்லாவற்றுக்கும் மன்னிப்பு உண்டு. கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். மறியலைத் தாண்டியவனுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. வேலைநிறுத்தம் நடக்கும் வாசலில் நாலு பேர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அவர்களைக் கடந்து உள்ளே போனவன் கருங்காலி. செத்த பிறகும் கருங்காலி. அவன் பேரன் பேத்தி பிறக்கும்போதே கருங்காலி.

லோர்னா ப்ரூயிட்டைக் கேட்டால் தெரியும். ஆற்றங்கரைப் பாட்டில் ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்த குளிர்காலத்தில், அவளுடைய தாத்தா ஏமஸ் ஒருநாள் பொட்டலம் கட்டும் அறையின் ஜன்னல் வழியாக ஏறி உள்ளே போய்விட்டார். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், அடுப்புக்குக் கரியில்லை என்பதெல்லாம் காரணம். காரணத்தை யார் கேட்டார்கள்? லோர்னா அப்போது பிறக்கவில்லை, அவள் அப்பாவே தவழ்ந்துகொண்டிருந்தார். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் தொழிலாளர் தினத்தன்று ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் பலகாரக் கடையில் லோர்னா எலுமிச்சை கேக் கொண்டுவந்து வைப்பாள். ஊரே வந்து பக்கத்துத் தட்டை வாங்கிக்கொண்டு போகும். சாயங்காலம் அவள் தன் கேக்கைத் தானே மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அவள் வீடு சங்கக் கட்டடத்தின் பின்பக்கம். முன்வராந்தாவில் உட்கார்ந்தால் சங்கத்தின் சமையலறை ஜன்னல் நேரே தெரியும். இந்த ஜன்னலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமையலறைக்கு ராணி வெரோனா ஹுடாக். அவள் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

வெரோனா ஆலைக்குப் பின்னால் இருந்த வரிசை வீட்டில் பிறந்தவள். அப்பா உலையில், அம்மா பொட்டலத்தில். பள்ளி முடித்த கையோடு அவளும் ஆலைக்குப் போனாள். பளீரென்ற விளக்கின் முன்னால் பாட்டில்கள் ஊர்வலம் போகும். விரிசல் உள்ளதையும் குமிழ் விழுந்ததையும் கண்ணிமைக்காமல் பார்த்துத் தட்டிவிட வேண்டும். இந்த வேலையில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று அவளே சொல்வாள். எந்த மனுஷனைப் பார்த்தாலும் முதலில் விரிசல்தான் கண்ணில் படுமாம். அப்படிப் பார்த்தும் எமிலைக் கல்யாணம் செய்துகொண்டாள். கேட்டால், "அன்னிக்கு வெளிச்சம் கம்மி" என்பாள்.

மூன்று உலைகளில் இரண்டை அணைத்தபோது வெரோனாவின் வேலை போனது. "ரெண்டு வாரம் வந்து கொஞ்சம் ஒத்தாசை பண்ணு சிஸ்டர்" என்று சங்கத்தில் கூப்பிட்டார்கள். எங்கள் சங்கத்தில் ஆண்கள் எல்லாரும் பிரதர், பெண்கள் எல்லாரும் சிஸ்டர். அப்படிக் கூப்பிட யாருக்கும் செலவில்லை. அந்த ரெண்டு வாரம் வருஷக்கணக்கில் நீண்டது. கையில் கொடுக்கிற வாரக் கூலி உண்டு, எழுத்தில் ஒன்றும் கிடையாது. தரை துடைப்பாள், கதவைத் திறப்பாள், பூட்டுவாள், இறைச்சி விலக்கும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கெல்லாம் மீன் பொரிப்பாள், கூட்டத்துக்குக் காபி போடுவாள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் பொதிந்து அவள் வேகவைக்கும் ஹொலுப்கிக்காகவே கூட்டத்துக்கு வருகிற பிரதர்கள் உண்டு. புரட்சி வயிற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றால் எங்கள் ஊரில் அது எப்போதோ வென்றிருக்கும்.

பெருச்சாளியும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. சங்கத்தில் சேராத ஆட்களை வைத்து எவனாவது கட்டடம் கட்டினால், அவன் வாசலில் காற்றடைத்த பிரம்மாண்டமான பெருச்சாளி பொம்மையை நிறுத்துவது இங்கே வழக்கம். சிவந்த கண், நீட்டிய நகம், வயிறெல்லாம் சொறி. பார்க்கிறவர்களுக்கு உடனே புரிந்துவிடும், உள்ளே ஏதோ அநியாயம் என்று. எங்கள் சங்கத்துப் பெருச்சாளி நகரத்துக் குழாய்த் தொழிலாளர்கள் பழசென்று தள்ளியது. வெரோனாதான் அதற்குக் கிழிசல் தைத்தாள், வால் ஒட்டினாள். இரண்டு உலையை அணைத்துவிட்டுப் போன பழைய மேனேஜரின் ஞாபகமாக "மிஸ்டர் பெம்பர்டன்" என்று பெயரும் வைத்தாள்.

சங்கத் தலைவர் ரீஜிஸ் டோமன். வெரோனாவுக்குப் பள்ளித் தோழன், அதே வரிசை வீட்டில் வளர்ந்தவன். நல்ல குரல். அந்தக் குரலுக்காகத்தான் ஒவ்வொரு முறையும் ஜெயித்தான். சங்கத்தின் சுவரில் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருக்கும். பெரிய வேலைநிறுத்தத்தின்போது குதிரைப் போலீஸ் அடித்துக் கூட்டத்தைக் கலைத்த பிறகு, இடுப்பில் குழந்தையோடு ஒரே ஒரு பெண் மட்டும் ஆலைக் கதவுக்கு எதிரே நிற்கிற படம். பெயர் தெரியாத பெண். அவளைச் சங்கத்துக் காபிக் கோப்பைகளில் அச்சடித்திருந்தார்கள். ரீஜிஸ் ஆண்டுதோறும் அந்தப் படத்தைக் காட்டிப் பேசுவான். குரல் தழுதழுக்கும், கரெக்டாக அதே இடத்தில். பிறகு கருங்காலி ஏமஸ் ஜன்னல் ஏறிய கதையைச் சொல்வான். லோர்னா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

சங்கத்துக்கு நூறு வயது நிறைந்த வருஷம் அது. பெரிய விருந்துக்கு ஏற்பாடு நடந்தது. அதற்கு முந்தின வாரம் செயற்குழு கூடியது. வெரோனா வழக்கம்போல வால்நட் ரோலை வெட்டி வைத்துவிட்டுக் காபி ஊற்றிக்கொண்டு வந்தாள். ரீஜிஸ் தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் படித்தான். கடைசியில் ஒன்று, "கட்டடப் பராமரிப்பை நவீனப்படுத்துதல்". வெரோனாவை நிறுத்திவிட்டு, நகரத்துத் துப்புரவு கம்பெனி ஒன்றுக்குக் காண்ட்ராக்ட் விடுவது என்பதுதான் அதன் பொருள். அந்தக் கம்பெனியில் சங்கம் கிடையாது. அதனால்தான் மலிவு.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

எல்லாக் கையும் உயர்ந்தது. எங்கள் செயற்குழுவில் கை தூக்குவது சுவாசம் மாதிரி, யாரும் யோசித்துச் செய்வதில்லை. வெரோனாவின் கணவன் எமிலும் செயற்குழு உறுப்பினன். ஒரு கையில் வால்நட் ரோல் இருந்ததால் இன்னொரு கையைத் தூக்கினான்.

வெரோனா அவன் கோப்பையை நிரப்பினாள். "சக்கரை போதுமா, எமில்?"

"போதும் கண்ணு."

கூட்டம் முடிந்ததும் அவள் ரீஜிஸிடம் போனாள். ஆபீஸ் விஷயம் என்பதால் மரியாதையாகவே கேட்டாள்.

"பிரசிடெண்ட், என்னய வேலைய விட்டு எடுத்துட்டீங்களா?"

"ஐயோ, என்ன பேச்சு சிஸ்டர் இது! நீங்க ஊழியரே இல்லியே. நீங்க இந்தக் குடும்பத்துல ஒருத்தர்."

"குடும்பத்துல ஒருத்தர எப்படி நிறுத்துவீங்க?"

"நிறுத்தல. ஓய்வு குடுக்கறோம். நூறாவது வருஷ விருந்துல உங்களுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் இருக்கு. கண்ணாடிச் சட்டம் போட்டது."

"அந்த விருந்துக்கு யார் சமைக்கறது?"

ரீஜிஸ் கூச்சமே இல்லாமல் சொன்னான்: "நீங்கதான். உங்க ஹொலுப்கி இல்லாம விருந்தா?"

அந்த நொடியில்தான் அவனுடைய விரிசல் முழுசாகத் தெரிந்தது என்று வெரோனா பிற்பாடு சொன்னாள். விளக்குகூடத் தேவைப்படவில்லையாம். அவளுக்கு அந்த வேலை வேண்டும். முழங்கால் தேய்ந்த வயதில், ஒரே ஓர் உலை எரிகிற ஊரில், வேறு வேலை எங்கே இருக்கிறது? பாராட்டுப் பத்திரத்தைப் போட்டுக் குழம்பு வைக்க முடியாது.

திங்கட்கிழமை காலை என் ஜன்னலுக்குக் கீழே கூப்பாடு கேட்டது. நான் பல தேசம் சுற்றிவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பி, சங்கத்துக்கு எதிரே முடிதிருத்தும் கடையின் மாடியில் அறை எடுத்திருந்தேன்.

"ஏய் ஊர்சுத்தி! உன் ரூம்ல கரண்ட் இருக்கா?"

எட்டிப் பார்த்தேன். வெரோனா ஒரு கையில் நீள ஒயரோடு நின்றாள். இன்னொரு கையில், துடைப்பக்கட்டையில் ஆணி அடித்த அட்டை. "இந்தச் சங்கம் தொழிலாளிக்கு அநியாயம் செய்கிறது" என்று எழுதியிருந்தாள். ஒயரை ஜன்னல் வழியாக இழுத்துச் சொருகினேன். கீழே மோட்டார் உறுமியது. நடைபாதையில் குவிந்து கிடந்த துணி மெல்ல நெளிந்து, முக்கி, முதுகை நிமிர்த்தி எழுந்தது. மிஸ்டர் பெம்பர்டன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, சிவந்த கண்களால் சங்கத்தின் பெயர்ப்பலகையையே முறைத்துப் பார்த்தார்.

வெரோனா வாசலுக்குக் குறுக்கே நடக்கத் தொடங்கினாள். இந்தக் கோடி வரை, அந்தக் கோடி வரை. முழங்கால் வலியால் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து.

ரீஜிஸ் கையில் டோனட் பையோடு வந்தான். நடைபாதையின் விளிம்புக்கு வந்ததும் கரண்டு கம்பியை மிதித்தவன்போல நின்றான்.

"சிஸ்டர்! என்ன வெளையாட்டு இது?"

"மறியல்."

"இது மறியலே இல்ல. ஒரு பொம்பள நடந்துகிட்டு இருக்கா, அவ்வளவுதான். மறியல்னா கூட்டம் வேணும்."

"உங்க காபிக் கப்புல எத்தன பேரு நிக்கறாங்க, பிரசிடெண்ட்?"

முடிதிருத்தும் கடையில் பாதி மழித்த முகத்தோடு ஒருவர் வெளியே வந்து சிரித்தார். ரீஜிஸ் ஒரு காலைத் தூக்கினான், வைத்தான். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி தூக்கினான், அதே இடத்தில் வைத்தான். அன்றைக்கு ரீஜிஸ் டோமன் தன் சொந்த ஆபீஸுக்குள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

தபால்காரர் வந்தார், பெருச்சாளியைப் பார்த்தார், தொப்பியைத் தொட்டு வெரோனாவுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுக் கடிதங்களோடு திரும்பிப் போனார். அவருக்கும் சங்கம் உண்டு. விருந்துக்கு பீப்பாய் ஏற்றி வந்த பீர் லாரி ஓட்டுநர் இறங்கவே இல்லை. "உள்ள எறக்கினா எங்க ஆளுங்க என் தோல உரிச்சிடுவாங்க" என்று ரீஜிஸிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். திரும்பிப் போகும் பீப்பாய்களைப் பார்த்து நின்ற பிரதர்களின் முகத்தில், உலை அணைந்த அன்றுகூட அவ்வளவு துக்கம் இல்லை.

செயற்குழு அவசரமாகக் கூடியது. சங்கத்துக்குள் கூட முடியாததால், சவ அடக்கக் கடையின் கார் நிறுத்துமிடத்தில். பொருத்தமான இடம்தான். விருந்தைத் தீயணைப்பு நிலையத்துக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். தீயணைப்புக்காரர்களும் சங்கத்துக்காரர்கள், மாட்டோம் என்றார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தைக் கேட்டார்கள். தவக்காலத்தில் அங்கேயும் மீன் பொரிப்பது வெரோனாதான் என்பதைப் பாதிரியார் சாந்தமாக நினைவுபடுத்தினார். கடைசியில் பூங்காவில் கூடாரம் போடுவது என்று முடிவானது. எல்லாரும் கை தூக்கினார்கள்.

எமில் பாடுதான் திண்டாட்டம். சங்கத்தில் அவன் தினமும் சீட்டு விளையாடும் மேஜை இருந்தது, அங்கே போக முடியாது. வீட்டுக்குப் போனால் வெரோனா. மத்தியானம் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறியலுக்கு வந்தான்.

"கொஞ்சம் உக்காரேன் வெரோனா. முட்டி வீங்கிடும்."

"நிர்வாகத்துக்கிட்டேர்ந்து நான் எதுவும் வாங்கறதில்ல."

"நான் எப்பிடி நிர்வாகம்? நான் உன் புருஷன்."

"கை தூக்கினியே, அப்ப யாரா இருந்த?"

"நான் என்னத்தக் கண்டேன்? அது எதுக்குன்னே தெரியாது. நான் வால்நட் ரோல் சாப்ட்டுகிட்டு இருந்தேன்."

"எல்லா நிர்வாகமும் அப்பிடித்தான், எமில். அவங்க சாப்ட்டுகிட்டு இருக்கும்போதுதான் நமக்கு வேல போகுது."

நாற்காலியை எதிர்ப்புறத்தில் வைத்து எமிலே உட்கார்ந்துகொண்டான். சாயங்காலம் வரை அங்கிருந்து மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கல்யாணத்துக்கு முன்னால்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை துப்புரவு கம்பெனியின் வண்டி வந்தது. துடைப்பமும் வாளியுமாக இரண்டு பெண்கள் இறங்கினார்கள். மூத்தவள் மரிசெலா, ஹோண்டுராஸ் நாட்டுக்காரி. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஊரில் மறியலைத் தாண்டக்கூடிய ஆட்கள் இந்த இருவர் மட்டும்தான். அவர்களுக்குச் சங்கம் இல்லை, சங்கத்தின் சாபமும் இல்லை.

அப்போது ரீஜிஸின் முகத்தை நான் மாடியிலிருந்து பார்த்தேன். கருங்காலிகளைப் பற்றி நரம்பு புடைக்கப் பேசிய அதே மனுஷன், இந்த இரண்டு பெண்களும் எப்படியாவது உள்ளே போய்விட வேண்டுமே என்று கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தான். "கதவு தெறந்துதான் இருக்கும்மா" என்றுகூடச் சொன்னான். பிறகு யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று சுற்றிலும் பார்த்தான். எல்லார் காதிலும் விழுந்திருந்தது.

மரிசெலா நேராக வெரோனாவிடம் போனாள். பெருச்சாளியை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, இது கடிக்குமா?"

"உள்ள போறவங்கள மட்டும்."

"நாங்க உள்ள போனா உங்களுக்கு என்ன ஆகும்?"

"என் வேல போயிடும்."

"போகலைன்னா எங்களுக்கு இன்னிக்குக் கூலி போயிடும்."

அத்தனை வருஷமாக வெரோனா தூசி தட்டிய சுவரொட்டிகளில் எதிலும் இதற்கு ஒரு வரிகூட இல்லை. அவற்றில் கருங்காலிகள் எல்லாரும் தொந்தியும் மீசையுமாக இருந்தார்கள். வாளியோடு நிற்கிற, பசித்த பெண்ணை யாரும் வரைந்து வைக்கவில்லை. வெரோனா அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு, தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நீட்டினாள். மூன்று பேரும் வண்டியின் பின்படியில் உட்கார்ந்து ஹொலுப்கி தின்றார்கள்.

விரலை நக்கிக்கொண்டே மரிசெலா யோசித்தாள். பிறகு போனை எடுத்துத் தன் மேலாளரைக் கூப்பிட்டாள். "சார், இங்க எலி இருக்கு... ஆமா, பெருச்சாளி... வாசல்லயே நிக்குது சார், மொறைக்குது... இல்ல, ஓட மாட்டேங்குது... ரொம்பப் பெருசு." எலி உள்ள கட்டடத்தில் மருந்து அடிக்கிற வரை யாரும் நுழையக் கூடாது, ஆனாலும் அன்றைய கூலி உண்டு என்பது அவள் கம்பெனி விதியாம். முந்தின வருஷம் ஒருத்தியை எலி கடித்து வழக்கானதால் வந்த விதி.

"மருந்து அடிக்கிறவன் எப்ப வருவான்?" என்று வெரோனா கேட்டாள்.

"அடுத்த வாரம்" என்றாள் மரிசெலா. "அவனுக்கும் ஒரு டப்பா எடுத்து வைங்க."

இப்படியே வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் விருந்து. பூங்காவில் கூடாரம் எழும்பிவிட்டது. ஆனால் ரீஜிஸின் பேச்சு ஆபீஸ் மேஜைக்குள் இருந்தது. ஆண்டாண்டாகப் பேசிய பேச்சுதான், ஆனால் தழுதழுக்க வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தான். சுவரில் இருந்த படமும் வேண்டும். ஒற்றைப் பெண் படம் இல்லாமல் நூறாண்டு விழாவா?

நல்ல மத்தியானம். வெரோனா முன்வாசலில் நடந்துகொண்டிருந்தாள். ரீஜிஸ் பின்சந்து வழியாகப் போய், குப்பைத் தொட்டியின் மேல் ஏறி, சமையலறை ஜன்னலை மேலே தூக்கினான். அது தூக்கு ஜன்னல். அதன் கயிறு அறுந்து வருஷங்கள் ஆகின்றன. முட்டுக்கட்டை வைக்காவிட்டால் தானாக விழும். சரிசெய்யச் சொல்லி வெரோனா ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டிருக்கிறாள். "அடுத்த கூட்டத்துல பாக்கலாம் சிஸ்டர்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பதில் சொன்னவன் ரீஜிஸ்.

தலை போனது, தோள் போனது, தொப்பை பாதி போனது. ஜன்னல் விழுந்தது.

முன்வராந்தாவில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த லோர்னா ப்ரூயிட் நிமிர்ந்து பார்த்தாள். சங்கத்தின் பின்சுவரிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டு உதைத்தன. அந்தப் பளபளப்பான ஷூவை ஊரே அறியும். அவள் பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் நிதானமாக நடந்து வந்தாள்.

"என்ன ரீஜிஸ், உள்ள கதகதப்பா இருக்கா?"

கண்ணாடிக்கு உள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது. "யாரு? லோர்னாவா? கடவுள் புண்ணியம்! கொஞ்சம் தூக்கி விடும்மா, சத்தம் போடாத!"

"எங்க தாத்தாவும் ஜன்னல் வழியாத்தான் போனாராம். நீ வருஷா வருஷம் சொல்லுவியே, அந்தக் கத. அவரு மாட்டிக்கலன்னு இப்பதான் தெரியுது. கெட்டிக்கார மனுஷன்."

"லோர்னா, உன் கால்ல விழறேன்..."

"நீ இருக்கற கோலத்துக்கு அது முடியாது."

லோர்னா முன்பக்கம் போய் வெரோனாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். வெரோனா அந்தக் கால்களை வெகுநேரம் பார்த்தாள். ஒரு கூப்பாடு போட்டால் போதும். தெரு முழுக்க ஓடிவரும். ரீஜிஸ் டோமன் சாகும்வரை கருங்காலி, அவன் பேரப்பிள்ளைகள் பிறக்கும்போதே கருங்காலி. ஆனால் அப்புறம் வேறொரு தலைவன் வருவான், வேறொரு தீர்மானம் வரும். அவளுக்கு வேண்டியது ரீஜிஸின் தலை அல்ல, தன் வேலை.

"டேய் ரீஜிஸ்" என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவள் அவனை அப்படிக் கூப்பிட்டது அன்றுதான். "வெளிய இருக்கற பாதி இன்னும் சங்கத்துக்காரன். உள்ள இருக்கற பாதி கருங்காலி. நான் எந்தப் பாதிகிட்ட பேசட்டும்?"

"வெளிய இருக்கற பாதிகிட்டயே பேசு தாயே!"

"என் வேல எனக்கு வேணும். வாய்ப்பேச்சு வேண்டாம். ஆலைக்காரன்கிட்ட கேப்பீங்களே, அந்த மாதிரி ஒப்பந்தம். காப்பீடு, ஓய்வூதியம், லீவு, எல்லாம்."

"செயற்குழுவுல வைக்கறேன்."

"அடுத்த கூட்டத்துலயா?"

கால்கள் கொஞ்சம் துடித்தன. "இன்னிக்கே! இன்னிக்கு சாயங்காலமே கூட்டறேன்!"

"அந்தத் துப்புரவு காண்ட்ராக்ட்டு?"

"ரத்து! ரத்து! இடுப்பு ஒடியுது வெரோனா!"

"இன்னும் ஒண்ணு இருக்கு. அந்த ஜன்னலுக்குப் புதுக் கயிறு போடணும். அதையும் ஒப்பந்தத்துல எழுது."

உள்ளே ஒரு முனகல் கேட்டது. ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாள். எட்டி ஜன்னல் சட்டத்தில் கை வைத்தபோது லோர்னா தடுத்தாள்.

"இரு. பாத்தது நான். எனக்கும் ஒண்ணு வேணும்."

"கேளு, கேளு!" என்றன கால்கள்.

"நாளைக்கு விருந்துல என் எலுமிச்சை கேக்க நடு மேசையில வைக்கணும். முதல் துண்ட நீ சாப்பிடணும், எல்லாரும் பாக்க." பிறகு வெரோனாவின் பக்கம் திரும்பினாள். "ரெண்டாவது துண்டு உனக்கு. இத்தன வருஷத்துல நீகூட ஒரு தடவ வாங்கினதில்ல வெரோனா. பக்கத்துத் தட்டுல பிஸ்கட் வாங்குவ. நான் பாத்துகிட்டேதான் இருப்பேன்."

அடுத்தவர் விரிசலையே பார்த்துப் பழகிய வெரோனாவின் கண்ணுக்கு அன்றைக்குத் தன்னுடையது தெரிந்தது. "ரெண்டு துண்டு சாப்பிடறேன்" என்றாள் மெதுவாக. இருவருமாகச் சேர்ந்து ஜன்னலைத் தூக்கினார்கள். தலைவர் குப்பைத் தொட்டியின் மேல் வந்து இறங்கினார்.

அன்று சாயங்காலம் செயற்குழு மறுபடியும் கார் நிறுத்துமிடத்தில் கூடியது. ரீஜிஸ் நின்றுகொண்டே தீர்மானத்தைப் படித்தான். எல்லாக் கையும் உயர்ந்தது. எமில் பாக்கெட்டில் கொண்டுவந்த வால்நட் ரோலைத் தின்றுகொண்டே தூக்கினான். எதற்கு என்று அப்போதும் அவனுக்குத் தெரியாது. ஒப்பந்தத்தில் சமையலறை ஜன்னல் கயிறு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் படிக்க வேண்டியிருக்கும்.

வெரோனா ஒப்பந்தத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மோட்டாரை நிறுத்தச் சொல்லி எனக்குக் குரல் கொடுத்தாள். மிஸ்டர் பெம்பர்டன் பெருமூச்சு விட்டுக்கொண்டே முட்டிபோட்டுச் சரிந்தார்.

விருந்து சங்கத்திலேயே நடந்தது. இரவெல்லாம் கண்விழித்து வெரோனா ஹொலுப்கி செய்திருந்தாள், இந்த முறை ஒப்பந்தக் கூலிக்கு. பீர் பீப்பாய்கள் திரும்பி வந்தன. ரீஜிஸ் நடு மேஜையில் இருந்த எலுமிச்சை கேக்கில் முதல் துண்டை எடுத்து வாயில் போட்டான். ஊரே கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது. வெரோனா சமையல் உடுப்போடு வந்து இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒருவர், பிறகு இன்னொருவர். கேக் கொஞ்சம் புளிப்புதான், உண்மையைச் சொல்ல வேண்டும். அத்தனை வருஷம் ஊர் இழந்தது ஒன்றும் பெரிதில்லை. ஆனாலும் தட்டு காலியானது. காலித் தட்டை லோர்னா மூடாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

ரீஜிஸ் விருந்து முழுவதும் உட்காரவே இல்லை. தலைவருக்கு எவ்வளவு பணிவு பார் என்று வெளியூர் விருந்தினர்கள் வியந்தார்கள். ஒற்றைப் பெண்ணின் படத்தைக் காட்டினான், பென்சில் குறித்த இடத்தில் குரல் தழுதழுத்தது. ஏமஸ் ப்ரூயிட்டின் ஜன்னல் கதைக்கு வந்தபோது இருமல் வந்தது. தண்ணீர் குடித்தான். அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டான். அந்தக் கதையை அதற்குப் பிறகு அவன் சொல்லவே இல்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், யாரிடமும் சொல்வதில்லை என்று லோர்னா ரீஜிஸுக்குத்தான் சத்தியம் செய்தாள். என்னிடம் பட்டாணி உரிக்கும்போது சத்தியம் எதுவும் செய்யவில்லை.

அடுத்த வாரம் மரிசெலா வந்தாள். வெரோனா அவளைச் சமையலறையில் உட்காரவைத்தாள்.

"உன் வேலைய நான் பிடுங்கிட்டேன்" என்றாள்.

"கழுவாத கட்டடத்துக்கா பஞ்சம், அம்மா? விடுங்க. வேற ஒண்ணு கேக்க வந்தேன்." மரிசெலா வாசல் பக்கம் பார்த்தாள். "அந்த எலிய ஒரு நாளைக்குக் குடுப்பீங்களா?"

மறுநாள் ரீஜிஸ் கிடங்கைத் திறந்தவன் கத்திக்கொண்டே சமையலறைக்கு வந்தான்.

"சிஸ்டர், பெருச்சாளி எங்க?"

"எமில் வண்டியில ஏத்திக்கிட்டு நகரத்துக்குப் போயிருக்கான். அந்தத் துப்புரவு கம்பெனி வாசல்ல நிறுத்தணுமாம், அங்கயும் சங்கம் வேணும்னு பொண்ணுங்க மறியல் பண்றாங்க."

"சங்கத்துல இல்லாதவங்களுக்குச் சங்கத்துச் சொத்தா? யாரக் கேட்டுக் குடுத்தீங்க? செயற்குழுவுல வைக்காம..."

முட்டைக்கோஸ் இலை வெந்த ஆவி அறையெங்கும் பரவியிருந்தது. வெரோனா எழுந்து போய், புதுக் கயிறு மாட்டிய ஜன்னலை ஒரு விரலால் மேலே தள்ளினாள். அது சத்தமில்லாமல் உயர்ந்து, விழாமல், அப்படியே நின்றது.

ரீஜிஸ் அந்த ஜன்னலைப் பார்த்தான். இடுப்பைத் தடவிக்கொண்டான்.

"சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்துருவாங்கல்ல?" என்றான்.

"அது அந்தக் கம்பெனிக்காரன் கையில இருக்கு, பிரசிடெண்ட்" என்றாள் வெரோனா.